பின்னால் பார்த்த மீன்

ராயபுரம் கல்மண்டபத்தில் என் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது சிங்கம். கேரம் கிளப்புக்குச் சிங்கம், கால்பந்துக் குழுவுக்குச் சிங்கம். போன வருடம் சமையல்காரர்கள் சங்கம் ஒன்று ஆண்டு விழாவுக்கு ஷீல்டு செய்ய வந்தது. அவர்களுக்கும் இரண்டு சிங்கம் வேண்டும், நடுவில் அண்டா. சிங்கத்துக்கு அண்டாவோடு என்ன வேலை என்று கேட்டேன். "கெத்தா இருக்கும்கா" என்றார் செயலாளர். செய்து கொடுத்தேன். கெத்தாகத்தான் இருந்தது.

ஷீல்டு, கோப்பை, பள்ளிக்கூடச் சின்னம், கோயிலிலும் சர்ச்சிலும் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்ப் பலகை. இவைதான் என் பிழைப்பு. அப்பா தென்மாவட்டத்திலிருந்து வந்து படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடையாக ஆரம்பித்தார். என் கைக்கு வந்த பிறகு அதில் தங்கம் ஏறியது. தங்கம் என்றால் தங்கக் கலர் பெயின்ட் இல்லை, அசல் தங்க ரேக்கு. மூச்சுக் காற்றுப் பட்டாலே பறந்துவிடும் அளவுக்குத் தட்டிய தகடு. மெல்லிய தாள்களுக்கு நடுவே அடுக்கி, சின்னப் புத்தகமாக வரும். பலகையில் ஒட்டு எண்ணெய் தடவி, அது காய்ந்தும் காயாமலும் இருக்கிற பதத்துக்காகக் காத்திருந்து, ஃபேனை நிறுத்தி, கடைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார வேண்டும். அகலமான தூரிகையைக் கன்னத்தில் ஒரு தேய் தேய்த்தால் அந்தப் பிசுக்கில் ரேக்கு ஒட்டிக்கொண்டு எழும்பும். அதை அப்படியே கொண்டுபோய்ப் பலகையில் வைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து யாராவது கதவைத் திறந்தால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. பக்கத்து டீக்கடைக்காரருக்குத் தெரியும். கதவு சாத்தியிருந்தால் டீயை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்.

மலிவாகப் பித்தளை ரேக்கும் கிடைக்கிறது. இந்தப் பக்கத்துக் காற்றில் அது நிற்காது. ஒரு பக்கம் கடல் உப்பு, இன்னொரு பக்கம் மணலித் தொழிற்சாலைப் புகை, ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் கறுத்துப் போகும். அசல் தங்கத்தை எதுவும் ஒன்றும் செய்யாது. இதை வருகிற எல்லோரிடமும் ஒருமுறை சொல்வேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பெயின்ட்டே போதும் என்பார்கள்.

என் தலைக்கனத்துக்கு ஒரு தடிப் புத்தகமும் காரணம். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து கிடந்தது, ஐரோப்பியக் குலச்சின்னங்களைப் பற்றியது. படத்துக்காக வாங்கி, பிறகு அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். உச்சி முதல் உள்ளங்கால் வரை இரும்பைப் போட்டு முகத்தையும் மூடிக்கொண்டால் சண்டையில் எவன் நம் ஆள் என்று தெரியாது, அதற்காகக் கேடயத்தில் ஒரு சின்னம் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். அப்பன் செத்தால் மூத்த மகனுக்கு அதே சின்னம். இளையவர்கள் அதில் ஒரு பிறையோ நட்சத்திரமோ சேர்த்துத் தங்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். உரிமை இல்லாதவன் எவனாவது சின்னம் வைத்திருக்கிறானா என்று சோதிக்க ராஜாவின் ஆட்கள் ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். பொய்ச் சின்னம் என்று தெரிந்தால் எல்லோர் கண் முன்னாலும் அதை அழித்துவிடுவார்களாம். நீல நிறத்தில் ஒரு தங்கப் பட்டை யாருக்குச் சொந்தம் என்று இரண்டு வீரர்கள் வருடக்கணக்கில் வழக்காடியிருக்கிறார்கள். படிக்கும்போது சிரிப்பு வரும், உடனே நம் ஊரும் நினைவுக்கு வரும். புலி, மீன், வில் என்று நாமும்தான் செப்பேட்டு வளையத்தில் முத்திரை வைத்தோம். இன்றைக்கும் கொடியில் எந்த நிறம் மேலே எது கீழே என்று சங்கத்துக் கூட்டத்தில் நாற்காலி பறக்கிறது. இதையெல்லாம் தெரிந்துவைத்திருப்பது ராயபுரத்திலேயே நான் ஒருத்திதான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அவள் என் கடைக்கு வந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத அந்தக் கோடை மாதங்களில்தான் காசிமேட்டில் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்த்துப் பெயின்ட் அடிப்பார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், கையில் ஃபோன் ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. போன வருடம் இதே தடைக்காலத்தில் புருஷன் நெஞ்சுவலியில் போய்விட்டார், படகை இந்த ஒரு வருடமாக இவள்தான் நடத்துகிறாள் என்று நின்றபடியே சொல்லி முடித்தாள்.

"யக்கா, போட்டுக்கு மார்க் போடணும். தங்கத்துல."

"படகுக்கா? தங்கத்துலயா?"

"ஆமா. தூரத்துல வர்றப்பவே பளிச்சுன்னு தெரியணும்."

எனக்குப் புரியும்படி அவளே விளக்கினாள். படகில் கேபினுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பலகை திருகியிருக்கும், அதில் குடும்பத்தின் மார்க் இருக்கும். இவர்களுடையது இரண்டு மீன், மேலே ஒரு நட்சத்திரம், மாமனார் காலத்திலிருந்து வருவது. எல்லாப் படகுக்கும் ஒரே நிறம்தான் அடிக்க வேண்டும் என்று விதி வந்த பிறகு, தூரத்தில் வருவது யாருடைய படகு என்று மார்க்கை வைத்துத்தான் தெரியும். ஏலம் விடுகிறவரும் ஐஸ் வண்டிக்காரரும் கூடைக்காரப் பெண்களும் அதைப் பார்த்துத்தான் ஓடுவார்கள். உரிமையாளர் பெயரை யாரும் சொல்வதில்லை, 'ரெட்ட மீனு போட்டு' என்றுதான் பேச்சு. புருஷனின் தம்பி தனியாக ஒரு படகு வைத்திருக்கிறான், அதிலும் இதே மார்க்தான்.

"இப்ப அந்தக் கொய்ந்தன் அயிக்கச் சொல்றான்க்கா. எங்கப்பன் மீனு, ஆம்பளப் புள்ளைக்குதான் சேரும்ன்றான். உனுக்கு வோணும்னா பூவு கீவு போட்டுக்கோன்றான்."

"அழிச்சிட்டா என்ன ஆகும்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் சின்னப் பிள்ளை ஆகிவிட்டேன். "அயிச்சா போட்டு எனுதுன்னு எவன் ஒத்துக்குவான்? ரெட்ட மீனுன்னு நம்பி வேலைக்கு ஏர்ற ஆளுங்கோ அவங்கோ. மார்க் போச்சுன்னா டிரைவரு போயிடுவான், அவன் பின்னாடியே மத்தவனும் போவான். ஆளில்லாத போட்ட வச்சிக்கினு நா இன்னா பண்றது? வந்த வெலைக்குத் தள்ளிட்டு வூட்ல குந்த வேண்டிதுதான்."

அங்கே டிரைவர் என்றால் படகைச் செலுத்துகிறவர். தடைக்காலம் முடிகிற அன்று அவர் ஏறினால்தான் மற்றவர்கள் ஏறுவார்கள். இவளுக்கு அந்த ஒரு நாள்தான் கணக்கு.

நான் சும்மா இருந்திருக்கலாம். புத்தகம் படித்தவள் எப்படிச் சும்மா இருப்பது? ஐரோப்பாவில் புருஷனை இழந்த பெண்கள் கேடயத்தில் சின்னம் வைக்க மாட்டார்கள், சண்டைக்குப் போகாதவர்களுக்குக் கேடயம் எதற்கு என்று அவர்களுக்கு ஒரு சாய்சதுரம் உண்டு, அதற்குள் அதே சின்னத்தைப் போட்டுக்கொள்வார்கள் என்று விளக்கினேன். பென்சிலால் வரைந்தும் காட்டினேன். மீனும் இருக்கும், கொழுந்தனுடையதிலிருந்து வேறாகவும் இருக்கும், வம்பே இல்லை என்றேன்.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாக்கா இது, சீட்டுக்கட்டு டைமனு மேரி கீது. எனுக்கு இன்னாத்துக்குத் தனிக் கட்டம்? அவுரு வச்சிருந்த மேரியே போடு."

படகைப் போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவள் ஃபோனில் பழைய மார்க்கின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, படகின் வலது பக்கம் எடுத்தது. பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் நிற்கிறார், பின்னால் இரண்டு மீனும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அதைப் பெரிதாக்கி ஒரு ஸ்டென்சில் வெட்டினேன். இரண்டு பலகையையும் அதை வைத்தே செய்தேன். செதில் ஒவ்வொன்றுக்கும் விளிம்பில் மெல்லிசாகக் கறுப்பு இழுத்தேன். அதுவரை நான் செய்ததில் அதுதான் உருப்படியான வேலை என்று இன்றைக்கும் சொல்வேன். சிங்கமும் அண்டாவும் செய்த கைக்கு இரண்டு மீன் எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அவள் எடுத்துப்போக வந்தபோது இரண்டு பலகையையும் முகத்தோடு முகம் வைத்து, நடுவில் பஞ்சுத்தாள் கொடுத்து, பழைய பெட்ஷீட்டில் கட்டி வைத்திருந்தேன்.

"ஒரே ஒருவாட்டி பாத்துடறேன்க்கா" என்று முடிச்சில் கை வைத்தாள்.

"கை வைக்காத. ரேக்கு இன்னும் அடங்கல. மூணு நாளைக்குப் பிரிக்கக் கூடாது. பிரிச்ச, அப்புறம் ஏங்கிட்ட வராத."

அதட்டினால்தான் சனங்கள் கேட்பார்கள் என்பது என் அனுபவம். அவளும் கேட்டாள். குழந்தையை வைத்துக்கொள்வது மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனாள். மறுநாளிலிருந்து புருஷனுக்கு வருடாந்திரக் காரியம், வீடு நிறைய சொந்தபந்தம். நான்காம் நாள் பலகையை மாட்டும் வேலையைக் கரையில் ஒரு தச்சரிடம் விட்டிருந்தாள். அந்த மனிதர் வெளியூர், படகு வேலைக்குப் புதிது. கொடுத்ததை ஒழுங்காகத் திருகிவிட்டுப் போய்விட்டார்.

தடைக்காலம் முடிய இரண்டே நாள் இருந்தபோது அவள் மறுபடி வந்தாள். வெயிலில் நடந்து வந்திருக்கிறாள், முகமெல்லாம் சிவந்திருந்தது. நான் ஒரு பள்ளிக்கூடச் சின்னத்திலிருந்த விளக்குக்குத் தங்கம் வைத்துக்கொண்டிருந்தேன். கதவைப் படாரென்று திறந்தாள், கையிலிருந்த ரேக்கு பறந்து சுவரில் ஒட்டியது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

"போட்ட விக்கிறேன்னு துறைமுகம் பூரா பேசிக்கினு கீறாங்கோக்கா. மீன இன்னாத்துக்குத் திருப்பி வச்ச?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. படகில் மார்க் எப்போதும் முன்பக்கம் பார்க்க வேண்டும், படகு போகிற திசையில். படகை விற்பதானால் 'விற்பனைக்கு' என்று எழுதிப் போட மாட்டார்கள், ஓடுகிற படகில் அப்படி எழுதுவது ஆகாது. அதற்குப் பதில் இடது பலகையை வலப்பக்கத்திலும் வலது பலகையை இடப்பக்கத்திலும் மாற்றித் திருகிவிடுவார்கள். மீனெல்லாம் பின்னால் பார்க்கும். குடும்பம் இந்தப் படகை விட்டுப் போகிறது என்று கரை புரிந்துகொள்ளும். இவள் படகின் இடது பக்கம் ரோட்டைப் பார்த்தபடி நிற்கிறது. அந்தப் பக்கம் என் தங்க மீன் இரண்டும் வெயிலில் மின்னிக்கொண்டு பின்னால் பார்க்கின்றன. போகிறவன் வருகிறவன் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. டிரைவர் வேறு படகில் பேசிக்கொண்டிருக்கிறாராம்.

தப்பு தெரிந்தவுடன் ஒப்புக்கொள்கிற ஜாதி இல்லை நான். "சின்னம்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கணும். கேடயத்துல எல்லாமே ஒரே பக்கம்தான் பார்க்கும். உலகம் பூரா அப்படித்தான்" என்றேன்.

"ஒலகம் பூரா போட்டு ஓட்டுதா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் தடிப் புத்தகத்திலேயே ஒரு படம் இருக்கிறது. குதிரையின் இரண்டு பக்கமும் தொங்குகிற சேணத் துணி. அதில் மட்டும் சிங்கம் கேடயத்தில் பார்ப்பதுபோல ஒரே பக்கம் பார்க்காது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் குதிரையின் தலை இருக்கும் பக்கம்தான் பார்க்கும். இல்லாவிட்டால் போர்க்களத்தில் ஒரு பக்கத்தில் நிற்பவனுக்குச் சிங்கம் ஓடிப்போவது மாதிரி தெரியும். அந்த வரியைப் படித்துவிட்டு எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்! முன்னால் போகிற எதற்கும் அதுதான் விதி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஷீல்டு செய்கிற பழக்கத்தில், ஒரு ஸ்டென்சிலில் இரண்டையும் முடித்துவிட்டேன். ஒருமுறை பார்க்கிறேன் என்று கெஞ்சியவளையும் அதட்டி அனுப்பியிருக்கிறேன்.

ஸ்டென்சிலைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு அவளோடு ஆட்டோவில் ஏறினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படகின் மேல் ஒரு ஆள் நின்று இடது பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் யார் என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஃபோன் படத்தில் பார்த்த புருஷனின் அதே நெற்றி, அதே புருவம். கீழே நிழலில் டிரைவரும் இன்னும் சிலரும் வலையை மடியில் போட்டுக்கொண்டு மேலேயே பார்த்திருந்தார்கள்.

"எறங்கு" என்றாள் அவள்.

"விக்கிற போட்டுக்கு எங்கப்பன் மீனு இன்னாத்துக்கு?" என்றான் கொழுந்தன், திருகாணியைக் கழற்றுவதை நிறுத்தாமலே. "ஒரு வார்த்த சொன்னியா எங்கிட்ட? ஊரான் வந்து சொல்றான், ரெட்ட மீனு விலைக்கு வருதாமேன்னு. எங்கண்ணன் செத்து ஒரு வருசந்தான் ஆவுது."

நான் முன்னால் போய் நின்று ஸ்டென்சிலை விரித்துக் காட்டினேன். தப்பு என்னுடையது, இவளுக்கு ஒன்றும் தெரியாது, பலகையைப் பார்க்கக்கூட நான் விடவில்லை என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். இந்த வயதில் பத்து ஆண்கள் முன்னால் நின்று 'நான் முட்டாள்' என்று சொல்வது லேசாக இல்லை. அவன் இறங்கி வந்து ஸ்டென்சிலை வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினான். அதை இடது பலகையின் மேல் வைத்துப் பார்த்தான், பிறகு அந்தப் பக்கம் போய் வலது பலகையின் மேல் வைத்துப் பார்த்தான். இரண்டிலும் பொருந்தியது.

"சரி, உன் தப்புன்னே வச்சிக்குவோம்" என்றான் கடைசியில். "இன்னிக்குத் தப்பு, நாளிக்கு நெசமாவும். ஆம்பள இல்லாத போட்டு எத்தினி நாளு ஓடும்? எவனோ ஒருத்தன் வாங்கிக்கினு எங்கப்பன் மீனோட சுத்துவான். அத்த நா பாத்துக்கினு குந்தணுமா?"

அப்போதுதான் அவனுடைய பயம் எனக்குப் புரிந்தது. படகின் மேல் அவனுக்குக் கண் இல்லை, மீன் அந்நியன் கைக்குப் போய்விடுமோ என்றுதான் துடித்திருக்கிறான். புரிந்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. இன்றைக்கு உட்கார்ந்தால் பெயின்ட்டிலாவது நாளை மாலைக்குள் சரியாகச் செய்து தருகிறேன், மீனைத் திருப்பிப் போட்டுத் தருகிறேன், அதற்குள் ஒரு சின்ன வித்தியாசமும் வைத்து...

"யக்கா, நீ செத்த சொம்மா கீறியா?" என்றாள் அவள்.

சும்மா இருந்தேன்.

அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "கயட்டு. ரெண்டையும் கயட்டிக்கினு போ."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. அழுவாள், கெஞ்சுவாள், இல்லை சண்டைக்கு வருவாள் என்று நினைத்திருப்பான். அவள் அவனை அதற்கு மேல் பார்க்கவில்லை, டிரைவரிடம் போனாள்.

"நாளானிக்கு டீசல் போடணும், ஐஸ் சொல்லணும். வர்றியா, இல்லியா?"

டிரைவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். "விக்கிறியா இல்லியா, அத்த மட்டும் ஒன் வாயால சொல்லு. நடுவுல வித்துட்டீன்னா எங்கோ பாடு பேஜாரு."

"விக்கல."

"மார்க்கு?"

"மார்க்கு அவன் எத்துக்கினு போவட்டும். போட்டு போவும்."

"பாக்கலாம்" என்றார் டிரைவர். அவ்வளவுதான் பதில்.

கொழுந்தன் இரண்டு பலகையையும் தோள் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். கழற்றும்போது அவன் கட்டைவிரல் பதிந்த இடத்தில் ரேக்கு தேய்ந்திருந்தது, அதை நான் பார்த்தேன். கேபினின் இரண்டு பக்கமும் பெயின்ட் படாத பழைய மரமும் திருகுத் துளைகளும்தான் மிச்சம்.

கடலுக்குப் போகிற அன்று நான் கரைக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? காலையில் அவளே ஃபோன் செய்தாள். "போட்டு போய்ச்சிக்கா. ஏயு பேரு போவணும், நாலு பேருதான் ஏறுனானுங்கோ." டிரைவர் ஏறினாரா என்று கேட்டேன். ஏறினார் என்றாள். நாலு பேரை வைத்துக்கொண்டு வலை இழுக்க முடியுமா என்று கேட்க வாயெடுத்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் எனக்கு வேலை ஓடவில்லை. ஊர் ஒருத்தரை ஒப்புக்கொள்வதற்குச் சின்னம் வேண்டும் என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். பலகையைப் பளபளவென்று செய்து கொடுத்துவிட்டால் மீதியைத் தங்கம் பார்த்துக்கொள்ளும். சமையல்காரர்களின் சிங்கத்தைப் பார்த்துச் சிரித்தவளுக்கும் அதே நம்பிக்கைதான். அந்த ராஜாவின் ஆட்கள் ஊர் ஊராகப் போய்ச் சின்னத்தை அழித்தார்களே, அழித்த பிறகு அந்த வீட்டு மனிதர்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. இருந்திருந்தாலும் நான் படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தாண்டியிருப்பேன்.

படகுகள் திரும்பத் தொடங்கிய அன்று விடிவதற்குள் காசிமேட்டுக்குப் போய்விட்டேன். தடைக்குப் பிறகு வருகிற முதல் மீன், கால் வைக்க இடமில்லை. ஆட்டோவும் வேனும் ஐஸ் பெட்டியும் கூடைகளுமாக நெருக்கியடித்தது. அவள் படகு கட்டுகிற இடத்தில் கூடைக்காரப் பெண்களோடு நின்றிருந்தாள், நான்கு நாட்களாகத் தூங்காத முகம். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். இரண்டு ஆள் தள்ளிக் கொழுந்தன் நின்றிருந்தான், அவன் படகு முதலிலேயே வந்து மீன் இறங்கிவிட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ஒவ்வொரு படகும் தூரத்தில் தெரியும்போதே பெண்கள் மார்க்கைச் சொன்னார்கள். கழுகு வருது, சிலுவ வருது, சூலம் வருது. ஏலம் விடுகிறவர் அதை வாங்கி உரக்கச் சொல்ல, உரியவர்கள் முன்னால் போனார்கள். எனக்குக் கண் எரிந்தது, நான் பார்த்ததெல்லாம் கேபின் பக்கத்தில் ஒன்றும் இல்லாத படகு ஏதாவது வருகிறதா என்றுதான். வெயில் ஏறிய பிறகு அது வந்தது. மெதுவாக, நன்றாகத் தாழ்ந்து, மற்ற படகுகளுக்கு நடுவே நுழைந்தது. பெண்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு மார்க் இல்லை.

"எவன் போட்டுபா அது? மூஞ்சியே காணோம்" என்றார் ஏலம் விடுகிறவர்.

அவருக்குத் தெரியாமல் இல்லை. எந்தப் பெயரில் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை. அவள் கூடைகளை விலக்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தாள். அப்போது இரண்டு ஆள் தள்ளியிருந்து குரல் வந்தது.

"எங்கண்ணி போட்டு."

ஏலம் விடுகிறவர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு வழக்கமான தன் உரத்த குரலில், "அண்ணி போட்டு வருதுபா! அண்ணி போட்டு! ஐஸ் வண்டி எங்கடா?" என்றார். கூடைக்காரப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்கள் எல்லாம் அண்ணி போட்டு, அண்ணி போட்டு என்று கூவிக்கொண்டு முன்னால் ஓடினார்கள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், யார் பார்த்தால் எனக்கென்ன.

கயிறு கட்டியாகிவிட்டது. கொழுந்தன் மெதுவாக அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"பலக வூட்லதான் கீது, அண்ணி. சாய்ங்காலம் எத்தாந்து மாட்டட்டா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

"அத்த அப்பால பாத்துக்கலாம். நாலே பேருதான் கீறானுங்கோ. ஏறி மொதல்ல மீன எறக்கு."

அவன் செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டு ஏறினான்.